மறுமொழி: ஜுடிஷியல் ரிவியூ – 'முறையாய்வு' என்று வைக்கலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில் புகலிடம் கேட்பவர்களுக்கான விளக்கத்தாளில் 'ஜுடிஷியல் ரிவியூ'வை, அதாவது அரசு அதிகாரி எடுத்த முடிவை நீதிமன்றம் ஆராய்வதை, தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் குழுப் பேச்சுக்கு இது என் மறுமொழி.

குழுவில் அண்ணா ஒருவர் முன்வைத்த 'நீதிமுறை மீளாய்வு' இலங்கையில் புழங்கும் சொல். அக்கா ஒருவர் சொன்ன 'நீதிப்புனராய்வு' தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உண்டு. சட்ட மாணவருக்கு இரண்டுமே போதும். டர்பனில் அகதித் தகுதி மறுக்கப்பட்ட ஒருவர் கையில் கொடுக்கும் விளக்கத்தாளில் அவை சரிப்படுமா என்பதுதான் என் தயக்கம். 'மீள்', 'புனர்' என்றதும், உயர் நீதிமன்றம் தன் கதையை முதலிலிருந்து கேட்கப்போகிறது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

நடப்பது அதுவல்ல. இனத்தாலோ மதத்தாலோ அரசியல் கருத்தாலோ ஊரில் துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சத்தை எடைபோடுவது முதலில் உள்துறை அதிகாரியின் வேலை. 'ஆதாரமற்றது' என்று அவர் தள்ளினால் அகதிகள் மேல்முறையீட்டு ஆணையத்துக்குப் போகலாம். 'வெளிப்படையாகவே ஆதாரமற்றது', 'மோசடி' என்று தள்ளினால் கோப்பு தானாகவே அகதிகள் விவகார நிலைக்குழுவுக்குப் போகும். (அதையும் 1998ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் 'ரிவியூ' என்றே சொல்கிறது. குழப்பத்துக்குக் கேட்பானேன்!) அங்கேயும் கைவிரித்துவிட்டால்தான் நீதிமன்றம். அதுவும் 2000ஆம் ஆண்டு நிர்வாக நீதிச் சட்டத்தின்படி, 'பாஜா' என்கிறோமே அதன்படி, வீண் தாமதமில்லாமல், எப்படியும் 180 நாளுக்குள். நீதிபதி பார்ப்பது முடிவெடுத்த விதத்தை: சொன்னது புரியும்படி மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, சொந்த நாட்டு நிலவரத்தைக் கணக்கில் எடுத்தார்களா, காரணம் எழுதினார்களா, அதிகாரி ஒருபக்கம் சாய்ந்தாரா. விடைத்தாளை மறுபடி திருத்துவதல்ல இது. திருத்தியவர் எல்லாப் பக்கங்களையும் புரட்டினாரா என்று பார்ப்பது.

அதனால்தான் 'முறையாய்வு' என்கிறேன். 'முறை'யில் நடைமுறையும் உண்டு, நீதியும் உண்டு. பழந்தமிழில் முறைசெய்தல் என்றாலே நீதி வழங்குதல்தான். நிலைக்குழு செய்வதற்கு வெறும் 'சரிபார்ப்பு' போதும். மேல்முறையீடு, முறையாய்வு இரண்டும் காதில் ஒன்றுபோல விழுமே என்றால், விழும்தான். எழுத்தில் தொல்லை இல்லை. பேசும்போது 'நீதிமன்ற முறையாய்வு' என்று முழுசாகச் சொல்லிவிடலாம்.

'விசா'வை அப்படியே விட்டுவிடுவோம். 2020 தொடக்கத்திலிருந்து 'பெர்மிட்' போய், புகலிடம் கேட்டவர் முடிவு வரும்வரை வைத்திருக்கும் தாளைச் சட்டமே விசா என்கிறது. 'நுழைவிசைவு' என்பது ஏற்கெனவே நாட்டுக்குள் வந்து நிற்பவருக்குப் பொருந்தாது.

அப்புறம், எனக்கு நிஜமாகவே கவலை தருவது 'ரிமிட்' என்ற ஆங்கிலச் சொல். மறுப்பை ரத்துசெய்த நீதிமன்றம், இவர் அகதிதான் என்று தானே அறிவிப்பது அபூர்வம். பெரும்பாலும் புதிதாக முடிவெடுக்கச் சொல்லிக் கோப்பைத் துறைக்கே அனுப்பும். போன மடலில் அதற்குத் 'திருப்பியனுப்புதல்' என்று வந்திருந்தது. வழக்கில் வென்றவர் அதைப் படித்தால் தன்னையே நாட்டுக்குத் திருப்பியனுப்பப் போகிறார்கள் என்றல்லவா நடுங்குவார்? 'மறுமுடிவுக்கு விடுதல்' என்று போடலாமா? இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள், விளக்கத்தாள் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

அன்புடன்,
டர்பனிலிருந்து