புதுப்பிப்பு: அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் எடுத்தாயிற்று

சர்க்கரை உள்ள அம்மாவுக்குப் பல் பிடுங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன் அல்லவா, நேற்று காலை தருமபுரியிலேயே எடுத்துவிட்டோம், தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முதலில் சர்க்கரை அளவு பார்த்தார்கள், அப்புறம் மரத்துப்போக ஊசி. டாக்டர் பல்லை அசைத்து அசைத்துத் தளர்த்தியபோது அழுத்தம் தெரிந்ததே தவிர வலி இல்லை என்றார் அம்மா. 24 மணி நேரத்துக்குக் கொப்பளிக்கவோ துப்பவோ ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவோ கூடாது, குழியில் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து வலி உயிரை எடுத்துவிடும். இன்று வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, சாப்பிட ஆறின ராகிக் கூழ். மற்ற பற்களில் உள்ள பழுப்புக் கறை சொத்தை இல்லையாம், சின்ன வயதில் குடித்த ஃபுளோரைடு தண்ணீரால் வந்தது, ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன் எங்கள் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது சகஜம். வீக்கம் வந்தால் மறுபடி எழுதுகிறேன்.