புது லெப்டினென்ட்டின் முதல் வருஷ யூனிஃபார்ம் செலவு: உங்க அனுபவம் என்ன?

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
வணக்கம். நான் 2009-ல் ஹவில்தாரா பென்ஷன் வந்தவன், வேலூர் பக்கம். பெரியவன் பரங்கிமலை ஓ.டி.ஏ.வில் (ஆபீசர் பயிற்சி அகாடமி) கடைசி டெர்மில் இருக்கான். வீட்டில் மூணு தலைமுறையா பட்டாளம், ஆபீசர் இவன்தான் முதல். என் சர்வீஸில் சட்டை, பூட்ஸ், ஜெர்சி, கம்பளி எல்லாமே கியூ.எம். ஸ்டோரில் (யூனிட்டோட சாமான் கிடங்கு) கையெழுத்துப் போட்டு வாங்கினது. கிழிஞ்சா கொண்டுபோய்க் காட்டி மாத்திக்குவோம். இவன் என்னடான்னா, "ஆபீசர் கைக்காசு போட்டுத்தான்பா தைக்கணும், அப்புறம் அலவன்ஸ் வரும்"ங்கறான். எப்போ வரும், எவ்வளவு வரும்னு கேட்டா அவனுக்கே சரியாத் தெரியல. எதை இப்பவே தைக்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

கணக்கு ஆபீஸ்காரன்:
ஐயா, தொகையை முதல்ல சொல்லிடறேன். ஏழாவது சம்பள கமிஷனுக்கு அப்புறம், 2017 ஜூலையிலிருந்து எல்லா உடைப்படிகளையும் ஒண்ணாக்கி 'டிரெஸ் அலவன்ஸ்' ஆக்கிட்டாங்க. முப்படை ஆபீசர்களுக்கு வருஷத்துக்கு 20,000 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் தொடும்போது இது கால் பங்கு ஏறணும்னு விதி. 2024 ஜனவரியில் தொட்டதால இப்போ 25,000. வருஷத்துக்கு ஒரே தடவை, ஜூலைச் சம்பளத்தோட வரும். துவைக்க, இஸ்திரி போட, ஷூ வாங்க எல்லாத்துக்கும் இதுதான். தனியா எதுவும் கிடையாது.

ஜூலைக்கு அப்புறம் வேலையில் சேர்றவங்களுக்கு, மத்திய அரசு ஊழியர்களுக்கான பொது விதி 2025 மார்ச்சில் மாறுச்சு. வருஷத் தொகையை 12-ஆல வகுத்து, சேர்ந்த மாசத்திலிருந்து ஜூன் வரைக்கும் எத்தனை மாசமோ அதால பெருக்கணும். செப்டம்பரில் சேர்ந்தா 10 மாசம், 20,833 ரூபாய் வருது. தம்பி விஷயத்தில் இது எப்படி வரவு வைக்கப்படும்னு, ராணுவ ஆபீசர் சம்பளம் பார்க்கிற புனே கணக்கு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லுங்க. கமிஷன் (ஆபீசர் பதவி) ஆனதுக்கான பார்ட் டூ ஆர்டர் (அதைப் பதிவு பண்ற ராணுவ உத்தரவு) ஏறி, சம்பளக் கணக்கு திறந்தாத்தான் மத்ததெல்லாம் நகரும்.

ரெண்டு ஸ்டார் (பேர் பழசு, இப்போ மூணு, அதாவது கேப்டன்):
ஐயா, நானும் பரங்கிமலை ஆளுதான். அலவன்ஸ் கம்மின்னு நான் சொல்லமாட்டேன். அது பன்னண்டு மாசத்துக்கானது, செலவு மட்டும் முதல் மூணு மாசத்துக்குள்ள வந்து நிக்கும். சிக்கலே அங்கதான்.

பாஸிங் அவுட்டுக்குச் சில வாரம் முன்னாடி எந்த ரெஜிமென்ட்டுனு தெரிஞ்சிடும். அன்னைக்கு சாயங்காலமே தையல்காரங்க அளவு டேப்போட வந்து நிப்பாங்க. "சார், மெஸ் கிட் ரெண்டும், பேட்ரோல்ஸும், பந்த்கலாவும், பிளேஸரும் சேர்த்து ஒரே பேக்கேஜ்"னு ஆரம்பிப்பாங்க. மெஸ் கிட்னா ஆபீசர் மெஸ் விருந்துக்குப் போடற மெஸ் டிரெஸ், பேட்ரோல்ஸ்னா கழுத்து மூடின விழா யூனிஃபார்ம், பந்த்கலான்னா கழுத்து மூடின கோட். பிப்பிங்குக்கு (தோளில் ஸ்டார் குத்தற சடங்கு) அம்மா அப்பா வர்ற சந்தோஷத்தில் பசங்க எல்லாத்துக்கும் தலையாட்டிடுவாங்க. என் ரூம்மேட்டுக்கு ரைஃபிள் ரெஜிமென்ட். அவங்களுக்கு பட்டனும் பேட்ஜும் கறுப்பு. இது தெரிஞ்ச தையல்காரர் எல்லாத்தையும் சரியாத்தான் தைச்சுக் கொடுத்தார். ஆனா யூனிட்டுக்குப் போனா, இடுப்பில் கட்டுற கம்மர்பண்டோட பச்சையே வேற பச்சை. முதல் டைனிங் இன்னுக்கு (மெஸ்ஸில் வரவேற்பு விருந்து) முன்னாடி மெஸ் செக்ரட்டரி அதை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம மடிச்சு அவன் கையிலயே கொடுத்துட்டார். யூனிட் மாஸ்டர்ஜி (தையல்காரர்) ராத்திரியோட ராத்திரியா வேற ஒண்ணு தைச்சுக் கொடுத்தார்.

அதனால என் கணக்கு இதுதான். ஓ.ஜி. (தினமும் போடற ஆலிவ் பச்சை யூனிஃபார்ம்) ரெண்டு மூணு செட், நல்ல பழுப்பு ஷூ, சரியான பெரே தொப்பி, பெல்ட், பேட்ஜ், அப்புறம் மெஸ்ஸுக்கு மாலையில் போட ஒரு பந்த்கலா, ஒரு சூட். இவ்வளவோட யூனிட்டில் போய் இறங்கலாம். மெஸ் டிரெஸ்ஸை அங்க போய் மாஸ்டர்ஜிகிட்ட தைக்கறதுதான் உத்தமம். குளிருக்குப் போடற அங்கோலா கம்பளிச் சட்டையும் அப்படித்தான். போஸ்டிங் ஜெய்சல்மேர் பக்கமா கார்கில் பக்கமான்னு தெரிஞ்சுக்கிட்டு எண்ணிக்கையை முடிவு பண்ணலாம். பனிமலைக்கான ஸ்பெஷல் துணிமணியை அரசாங்கமே கொடுக்கும், அதுக்குக் கைக்காசு போட வேண்டியதில்லை. கடையில் "சியாச்சின் ஜாக்கெட்"னு காட்டினா கும்பிடு போட்டுட்டு வெளிய வந்துடச் சொல்லுங்க.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
தம்பி, ரொம்ப நன்றி. இவன் நேத்தே "எல்லாம் சேர்த்து பேக்கேஜ்"னு ஒரு விலைப்பட்டியல் அனுப்பினான். இன்னைக்கே போன் போட்டு நிறுத்தறேன்.

ஓய்வு கர்னல், குன்னூர்:
ஜெய் ஹிந்த் ஹவில்தார் சாப். பையனுக்கு என் வாழ்த்து.

எங்க காலத்தில் ஏற்பாடே வேற. கமிஷன் ஆன கையோட 'அவுட்ஃபிட் அலவன்ஸ்'னு ஒரு மொத்தத் தொகை. சில வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் புதுப்பிக்க ஒரு சின்னத் தொகை. அதுபோக மாசாமாசம் 'கிட் மெயின்டனன்ஸ்'னு கொஞ்சம். ஆரம்பத்தில் மொத்தமா வந்ததால, புது ஆளுக்கு அந்த முறை ஒருவிதத்தில் தோதா இருந்துச்சு. இப்ப இருக்கறது பத்து வருஷ சர்வீஸ் ஆனவனுக்குத்தான் லாபம். அவன்கிட்ட எல்லாமே இருக்கும், வருஷாவருஷம் பணமும் வரும். லெப்டினென்ட்டுக்கு முன்னாடி கொஞ்சம் கூடுதலாக் கொடுத்துட்டுப் பின்னாடி குறைச்சாக்கூட நியாயம்னு எனக்குத் தோணும். என்னைக் கேட்டு யார் போடப்போறாங்க!

இன்னொண்ணு. கடனுக்குத் தைக்க விடாதீங்க. கேடட்டுக்குப் பயிற்சிக் காலத்தில் மாசம் 56,100 ரூபாய் ஸ்டைபெண்ட் கணக்கு உண்டு. அதிலிருந்து ஒதுக்கினாலே முதல் செட் வந்துடும். மாசத் தவணைனு சொல்லி, ஊர் ஊரா போஸ்டிங் போற பையனை ரெண்டு வருஷம் துரத்தின கடைக்காரங்களை நான் பார்த்திருக்கேன்.

வெள்ளைக் கோட்டு அக்கா:
மிலிட்டரி நர்சிங் சர்வீஸையும் யாராவது பேசுங்கப்பா! நாங்களும் கமிஷன் வாங்கின ஆபீசர்தான், தோளில் அதே நட்சத்திரம்தான். ஆனா டிரெஸ் அலவன்ஸில் எங்களுக்குத் தனிப்படி: 2017-ல் 15,000, இப்போ கால் பங்கு ஏறி 18,750. வார்டு டியூட்டி முடிஞ்சு வந்தா பீட்டாடின் கறை, ரத்தக் கறை, ஊசி மருந்துக் கறை. வெள்ளையில் எது பட்டாலும் ஊருக்கே தெரியும். ஜூனியர் பொண்ணுங்க ஆறு மாசத்துக்குள்ளயே புதுசு தைக்கறாங்க. அதிகம் கிழியற துணிக்குக் குறைஞ்ச படி எப்படின்னு எங்க மேட்ரன் கிட்ட கேட்டேன். சிரிச்சுட்டு ரவுண்ட்ஸ் போயிட்டாங்க.

உப்புக்காத்து:
அக்கா, வெள்ளைன்னதும் நேவி ஆஜர். எழிமலை நேவி அகாடமியிலிருந்து வெளிய வந்தவன் நான். எங்க வில்லன் கறை இல்லை, காத்து. தோளில் வர்ற தங்கச் சரிகை கடலோரத்தில் சீக்கிரம் கறுத்துப் போகும். மழைக்காலத்தில் விசாகப்பட்டினத்தில் அலமாரியைத் திறந்தா வெள்ளை ஷூ மேல பச்சையா பூஞ்சை நிக்கும். எபாலெட்டை (அந்தச் சரிகை வர்ற தோள்பட்டியை) காத்துப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வைக்கணும். மருந்து டப்பாக்குள்ள வருமே, அதேதான். நான் காலி டப்பாவிலிருந்து சேர்த்துவெப்பேன்.

கணக்கு ஆபீஸ்காரன்:
ரசீது விஷயம் விட்டுப்போச்சு. பழைய வரி முறையில் இருந்தா, யூனிஃபார்முக்கு நிஜமா செலவு பண்ணின அளவுக்கு டிரெஸ் அலவன்ஸுக்கு வருமான வரி விலக்கு உண்டு. புது வரி முறையில் அந்த விலக்கு இல்லை. சம்பளத்தோட சேர்ந்து வரிக்குப் போயிடும். பழைய முறையை எடுக்கறவன் தையல்கூலி சீட்டைக்கூட எடுத்து வைக்கணும்.

ராணுவ மனைவி, ஊர் ஊராய்:
புது காம்பாட் டிரெஸ் (களத்தில் போடற யூனிஃபார்ம்) பத்தி ஒருத்தரும் சொல்லலையே? 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தில் அறிமுகமான டிஜிட்டல் புள்ளி போட்டது. பருத்தி 70, பாலியஸ்டர் 30. பழசை விட லேசு, துவைச்சா சீக்கிரம் காயும். சட்டையை உள்ளே சொருக வேண்டாம்ங்கறதால இஸ்திரி வேலையும் பாதி. இதை வெளிச்சந்தையில் விற்கக் கூடாது, ராணுவ வழியில்தான் வாங்கணும். கன்டோன்மென்ட் பஜாரில் அதே மாதிரி துணி தொங்கத்தான் செய்யும். என் வீட்டுக்காரர் யூனிட்டில் ஒரு புது லெப்டினென்ட் அப்படி ஒண்ணு வாங்கி, ரெண்டு துவையலில் புள்ளியெல்லாம் ஊதாவாயிடுச்சு. பரேடில் நிறுத்தி வெச்சுக் கேட்டாங்களாம், "எந்த நாட்டு ராணுவம்பா நீ?"ன்னு.

கம்மவான்பேட்டை ஹவில்தார்:
பையன்கிட்ட பேசிட்டேன். பேக்கேஜை நிறுத்தியாச்சு. மெட்ராஸ் ரெஜிமென்ட் கிடைச்சா, அதோட சென்டர் இருக்கற வெலிங்டனிலேயே நல்ல தையல்காரர் இருக்காங்களா, கர்னல் சாப்?

ஓய்வு கர்னல், குன்னூர்:
இருக்காங்க. முதல்ல ரெஜிமென்ட் வரட்டும். வந்ததும் இங்கயே எழுதுங்க, விவரம் சொல்றேன்.