குதிரை எண்டியூரன்ஸ்: 25 மைலும் 50 மைலும் ஏன் கூட்டுப்படேல்லை?

உப்புவெளியான்:
கனடாவில இருக்கிற தம்பி ஏ.ஈ.ஆர்.சி. (குதிரையில நெடுந்தூரம் ஓடுற எண்டியூரன்ஸ் போட்டிக்கான அமெரிக்கச் சங்கம்) அங்கத்தவர். 25, 30, 50 மைல் மூண்டும் முடிச்சிட்டான். பதிவில 105 எண்டு வராமல் 55, 50 எண்டு பிரிச்சுக் கிடக்கு. 25 மைலில 5 மணி 40 நிமிசத்தில கோட்டைத் தாண்டியும் நேரம் 5:52 எண்டு போட்டிருக்கினம். பிழையோ? 50 மைலில முதலாவதா வந்த குதிரையை விட்டிட்டு மூண்டாவதுக்கு 'பெஸ்ட் கண்டிஷன்' (ஓடி முடிச்ச பிறகும் நல்ல நிலையில இருக்கிற குதிரைக்கான விருது) குடுத்ததும் விளங்கேல்லை.

நிலாவெளி அக்கா:
பிழை இல்லை தம்பி. 25 தொடக்கம் 35 மைல் வரை 'லிமிட்டெட் டிஸ்டன்ஸ்'. 50இல இருந்துதான் எண்டியூரன்ஸ் (எங்கட திருகோணமலையில இருந்து ஹபரணைக்குக் கிட்டப் போற தூரம்). இரண்டும் வேற வேற கணக்கு, கூட்டவே மாட்டினம்.

லிமிட்டெட் டிஸ்டன்ஸில கோட்டைத் தாண்டினாலும் நேரம் நிக்காது. குதிரையின்ர நாடி நிமிசத்துக்கு 60க்கு இறங்கினால்தான் முடிவு நேரம். அந்த 12 நிமிசம் அங்கதான் போயிருக்கு. கடைசி மைலை மெல்ல நடத்திக்கொண்டு வந்து, உடனே சேணத்தைக் கழட்டி, கழுத்துக்கும் கால் இடுக்குக்கும் விடாமல் தண்ணி ஊத்தினால் சுணக்கம் குறையும். 50 மைலில கோட்டோட நேரம் நிண்டிடும், பிறகு நாடி இறங்க 30 நிமிசம் தருவினம். மொத்த அவகாசம் 12 மணித்தியாலம், இடையில ஓய்வுக்கு நிக்கிற நேரமும் அதுக்குள்ளதான்.

சாம்பல்தீவு:
பாதி தூரம் ஓடினதுக்கு மைல் எண்டு ஒண்டும் போடமாட்டினம். 50இல 45 ஓடி, குதிரை நொண்டுது எண்டு மிருக வைத்தியர் நிப்பாட்டினால் கிடைக்கிறது பூச்சியம். கோட்டைத் தாண்டின பிறகு நடக்கிற கடைசிப் பரிசோதனையில விழுந்தாலும் அதே கதைதான். கன பேர் கோட்டை விடுறது இதிலதான். பரிசோதனையில வைத்தியருக்குக் குதிரையை ஓட்டிக் காட்டேக்க கயிற்றை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தலை ஆடுறதை மறைக்கிற மாதிரித் தெரியும், வைத்தியர் திரும்ப ஓடச் சொல்லுவார்.

மூதூர் வாசன்:
பெஸ்ட் கண்டிஷன் முதல் பத்துக்குள்ள வந்த குதிரைகளுக்குத்தான். வைத்தியர் புள்ளி 500, நேரம் 200, பாரம் 100. முதல் குதிரைக்குப் பிந்தின ஒவ்வொரு நிமிசத்துக்கும் 1 புள்ளி போகும். ஓட்டுநரைச் சேணத்தோட நிறை பார்க்கேக்க, ஆகப் பாரமான ஆளைவிடக் குறையிற ஒவ்வொரு இறாத்தலுக்கும் அரைப் புள்ளி போகும்.

உதாரணத்துக்கு, முதலாவது ஆள் 165 இறாத்தல், வைத்தியர் புள்ளி 440: 440+200+80=720. மூண்டாவது ஆள் 24 நிமிசம் பிந்தி, 205 இறாத்தல், 460: 460+176+100=736. வைத்தியர் தாளில ஒரு புள்ளி இங்க பத்தாகும், அதால சேணம் உரசின ஒரு சின்னப் புண்ணே பத்து நிமிச முந்தலைத் திண்டிடும். அவசரத்தில கெட்டிக்காரத்தனம் காட்டுற ஆக்களுக்கு இது உறைக்கிறதில்லை.

உப்புவெளியான்:
நன்றி. குதிரையை வித்தால் அந்த மைல் எல்லாம்?

நிலாவெளி அக்கா:
குதிரைக்கு வேற, ஓட்டுநருக்கு வேற கணக்கு. குதிரையின்ர மைல் குதிரையோட போகும், தம்பியின்ரது தம்பியோட நிக்கும். 'டெக்கேட் டீம்' விருது மட்டும் போயிடும். அதுக்கு அதே ஆள், அதே குதிரையில, பத்து வருசத்தில ஒவ்வொரு வருசமும் குறைஞ்சது ஒரு 50 மைலாவது முடிக்கோணும். 25 மைல் அதுக்குச் செல்லாது.