பிடியரிசியும் மனப்பாடமும்: ஒரு மதம் ஊருக்குள் எப்படித் தங்கியது? உறுப்பினர்களின் அனுபவங்கள்

நெல்லைச் சீமையிலிருந்து (இழையைத் தொடங்கியவர்)

கிறிஸ்தவம் போன்ற ஒரு மதம், பிறந்த மண்ணை விட்டு இத்தனை தொலைவு வந்து நூற்றாண்டுக் கணக்கில் எப்படி நிலைத்தது என்று கேட்டால், ஆட்சியாளர்களின் துணை என்றோ, ஏழைகளுக்குக் கிடைத்த உதவி என்றோதான் பெரும்பாலும் பதில் வருகிறது. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் அப்பாவைப் பெற்ற ஆச்சியை நினைக்கும்போது அந்தப் பதில்கள் எனக்குப் போதவில்லை.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உலை வைக்க அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, அடுப்படி மூலையிலிருந்த சிறு மண்பானையில் போடுவார். அது பிடியரிசிப் பானை. வீட்டில் கால்படி அரிசிதான் இருக்கிறது என்ற நாளிலும் அந்தப் பிடி குறைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணியில் முடிந்து கோயிலுக்கு எடுத்துச் செல்வார். ஊரில் வேதம் சொல்லிக்கொடுத்த உபதேசியாரின் சம்பளத்துக்கும் விளக்கு எண்ணெய்க்கும் அந்த அரிசி உதவியது. "அரிசிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள்" என்று பள்ளியில் ஒருவன் சொன்னபோது எனக்கு அந்தப் பானைதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஆச்சி அரிசி வாங்கி நான் பார்த்ததில்லை, கொடுத்துத்தான் பார்த்திருக்கிறேன். தன் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்து வளர்த்த ஒன்றை யாரும் எளிதில் கைவிடமாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பக்கத்து முதல் கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூரை 1799இல் அமைத்தவர் வெள்ளைக்காரர் அல்லர். அருகிலிருந்த ஊரில் பிறந்து, தஞ்சாவூரில் கிறிஸ்தவம் கற்றுத் திரும்பிய தாவீது சுந்தரானந்தம். மதம் மாறியவர்களைத் துன்புறுத்தினால் அவர்கள் ஒதுங்குவதற்குச் சொந்த நிலம் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பின்னர் ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டையில் 1830இல் தொடங்கிய தர்ம சங்கமும் அதே நோக்கத்தோடுதான் நிலம் வாங்கியது. காலூன்ற இடம் கிடைத்த பிறகே கொள்கை ஊன்றியது என்பதை எங்கள் ஊர்களைப் பார்த்தாலே விளங்கும்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் ஆச்சிக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட நினைவில் இல்லை. ஆனால் மாலை ஜெபத்தில் அத்தை ஒரு கீர்த்தனையின் சரணத்தைப் பாடிவிட்டு நிறுத்தினால், அடுத்த அடியை ஆச்சி எடுத்துக் கொடுப்பார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்கள் நம் ராகத்திலும் தாளத்திலும் எழுதி வைத்ததன் பயனை நான் கண்ணால் கண்டது அப்போதுதான். உங்கள் ஊர்களில் நீங்கள் கண்டவற்றையும் எழுதுங்கள்.

முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊரிலிருந்து

எங்கள் கதையின் தொடக்கத்தை மறைக்காமல் சொல்கிறேன். 1530களில் எங்கள் முன்னோர் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றது போர்த்துக்கீசியரின் பாதுகாப்புக்காகத்தான். முத்துக்குளிப்பு உரிமையில் கடுமையான போட்டி இருந்தது. கடலில் வலிமையுள்ள ஒரு துணை தேவைப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பாதுகாப்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், 1658இல் புராட்டஸ்டண்டுகளான ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) தூத்துக்குடியைப் பிடித்து எங்கள் கோயில்களைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டபோது, அந்தப் புதிய வல்லரசின் சபைக்கு எல்லோரும் மாறியிருக்க வேண்டும். அப்படி மாறவில்லை.

இடையில் நடந்ததுதான் முக்கியம். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் மிகக் குறைவாகவே தெரியும். தெரிந்தவர்களை வைத்து முக்கியமான செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். கற்ற பிள்ளைகளை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கச் செய்தார். அவர் அடுத்த ஊருக்குப் போன பிறகும் செபம் நிற்காமல் இருக்க ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகள், அதாவது செபத்தை நடத்திக் கற்பிக்கும் உள்ளூர்ப் பொதுநிலையினர், இருந்தார்கள். அவர் மொழிப்புலமையில் சிறந்தவர் அல்லர். ஆனால் பிள்ளையின் வாயில் ஏறியது வீட்டுக்குள் போய்விடும் என்பதை நன்றாக அறிந்திருந்தார்.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். வாடைக்காற்று திடீரென்று வலுத்த ஓர் இரவில் அப்பாவின் வள்ளமும் வேறு இரண்டு வள்ளங்களும் கரை திரும்பவில்லை. பெண்கள் கடற்கரைக் குருசடியில் (சிலுவை நாட்டிய சிறு வழிபாட்டிடத்தில்) கூடினார்கள். பங்குச் சாமியார் அன்று ஊரில் இல்லை. செபமாலையைத் தொடங்கிய அம்மாவுக்குக் குரல் உடைந்தது, பெரியம்மாவாலும் முடியவில்லை. எங்கள் தெருவில் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்பிள்ளை முன்னால் வந்து, ஞானோபதேச வகுப்பில் சொல்லும் அதே ஏற்ற இறக்கத்தோடு, விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். வள்ளங்கள் காலையில் திரும்பின. திரும்பாமலே போன இரவுகளும் எங்கள் ஊருக்கு உண்டு. அப்போதும் அதே குருசடியில், அதே செபம்தான்.

நாகசாகியில் வேலை பார்த்த உறுப்பினரிடமிருந்து

நான் மதுரைக்காரன், கிறிஸ்தவன் அல்லன். கப்பல் கட்டும் தளம் ஒன்றில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். மேலே சொல்லப்பட்ட அதே சவேரியார்தான் 1549இல் ஜப்பானின் ககோஷிமாவில் இறங்கினார் என்பதால் இதைச் சொல்வது பொருந்தும்.

அங்கு கிறிஸ்தவம் வேகமாகப் பரவியது; அதே வேகத்தில் அடக்கவும்பட்டது. 1597இல் நாகசாகிக் குன்றொன்றில் 26 பேர் சிலுவையில் கொல்லப்பட்டார்கள். 1614இல் நாடு முழுவதும் தடை வந்தது. குருக்கள் விரட்டப்பட்டார்கள், அல்லது கொல்லப்பட்டார்கள். இயேசு, மரியாள் உருவம் பதித்த தகட்டை ஆண்டுதோறும் மக்களை மிதிக்க வைத்தார்கள், தயங்கியவர் பிடிபட்டார். ஏழு தலைமுறைக்கு மேல் ஒரு குருவும் இல்லை, ஒரு கோயிலும் இல்லை. 1865 மார்ச் 17 அன்று, வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டியிருந்த ஓவுராக் கோயிலுக்கு உரகாமி கிராமத்தார் சிலர் வந்து, பிரெஞ்சுக் குரு பெட்டிஜானிடம் தங்கள் நெஞ்சமும் அவருடையதும் ஒன்றே என்று மெதுவாகச் சொல்லி, மரியாளின் சிலை எங்கே என்று கேட்டார்கள். அந்தச் சிலை இன்றும் அங்கே இருக்கிறது. அதன் முன் நின்றபோது நான் நெடுநேரம் நகரவில்லை.

இது எப்படி நடந்தது என்பதை உடன் வேலை பார்த்தவர் ஒருவர் எனக்கு விளக்கினார். கிராமத்துக்குள்ளேயே ஒருவர் திருநாள் கணக்கைக் காத்தார். ஒருவர் குழந்தைகளுக்கு நீரூற்றித் திருமுழுக்குக் கொடுத்தார். ஒருவர் வீடு வீடாகச் செய்தி கொண்டுபோனார். எல்லோரும் உழவர்கள், மீனவர்கள். கணக்கப்பிள்ளையைப் பற்றி மேலே படித்தபோது எனக்கு இவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

இகிட்சுகித் தீவுக்கும் ஒரு முறை போனேன். அங்கு ஒரு முதியவர் முழந்தாளிட்டு, ஒராஷோ என்னும் மறைசெபத்தைச் சொன்னார். லத்தீனும் போர்த்துக்கீசியமும் ஜப்பானிய நாவில் உருண்டு உருண்டு தேய்ந்துபோன சொற்கள் அவை. பலவற்றுக்குப் பொருள் தெரியாதாம். ஆனால் ஒரு சொல்லையும் விடக்கூடாது என்பது அவர் தந்தையின் கட்டளையாம். பொருள் புரியாத செபம் வெறும் சடங்கு என்று அதுவரை எண்ணியிருந்தேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தபின் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தடை 1873இல் நீங்கியது. ஆனாலும் பலர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பாமல், முன்னோர் காத்த முறையே போதும் என்று இருந்துவிட்டார்கள். இப்போது அந்தக் குழுக்கள் சுருங்கி வருகின்றன. பிள்ளைகள் வேலைக்காக நகரங்களுக்குப் போய்விட்டார்கள். சொல்லிக்கொடுக்கப் பெரியவர் இருக்கிறார், கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. வாளுக்கு அழியாத ஒன்று இதற்கு அழிகிறதே என்ற வருத்தம், அந்த மதத்தைச் சேராத எனக்கே இன்றும் உண்டு.

மன்னாரிலிருந்து

ஒல்லாந்தர் பற்றி முத்துக்குளித்துறை உறுப்பினர் எழுதியதற்கு இலங்கையிலிருந்து ஒரு மறுபக்கத்தைச் சேர்க்கிறேன். இங்கே அவர்கள் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பெயர் எழுதினார்கள். திருமணமும் சொத்துரிமையும் பதவியும் அந்தப் பதிவைச் சார்ந்திருந்ததால் சனங்கள் திரளாகப் பெயர் கொடுத்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், தோம்பிலிருந்த கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கரைந்துபோனார்கள். அதே ஒல்லாந்தர் தடைசெய்த கத்தோலிக்கமோ நிலைத்தது. 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகளாரை யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மக்கள் மறைத்து வைத்துக் காத்தார்கள். அரசு கொடுத்த மதம் அரசோடு போயிற்று. சனங்கள் ஒளித்து வைத்த மதம் சனங்களோடு இருந்தது.

மன்னார்ப் பக்கத்து மடுத் திருத்தலத்திலுள்ள மாதாவின் திருச்சுருபமும் ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுவழியே இருபது குடும்பங்கள் சுமந்து வந்தது என்பது எங்கள் வழிவழிச் செய்தி. 1990இல் நாங்கள் போரால் இடம்பெயர்ந்து அதே மடுவில் தறப்பாளின் (தார்ப்பாய்க் கூடாரத்தின்) கீழ் இருந்தோம். பக்கத்துத் தறப்பாளில் ஒரு சைவக் குடும்பம். நாங்கள் மாலையில் செபமாலை சொல்லும்போது அந்த மாமி தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா காய்ச்சலில் படுத்த ஒரு நாள், எங்களைக் கூப்பிட்டு இருத்தி, ஒரு சொல் பிசகாமல் அவரே சொல்லி முடித்தார். யாரும் அவருக்குக் கற்பிக்கவில்லை, மாறச் சொல்லவும் இல்லை. இன்றும் அவர் வெள்ளிக்கிழமை விரதக்காரர். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்தில் நிற்பார். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு எங்களோடு வந்து, இரவில் கூடாரத்துக்குள் செபமாலை தொடங்கும்போது, அம்மா இறந்த பிறகு அம்மாவின் இடத்தில் இருந்து முதல் பத்துமணியைச் சொல்கிறவர் அவர்தான்.