வோல்ட்மீட்டரை நம்பியதும் நம்பாததும்: உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

வெண்ணாற்றங்கரை

போன மார்கழியில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

அப்பா வைத்திருந்த டீசல் அம்பாசடர். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்நேட்டரை மாற்றிய கையோடு, டேஷ்போர்டில் ஒரு வோல்ட்மீட்டரும் இருக்கட்டும் என்று சிவப்பு எண்கள் எரிகிற டிஜிட்டல் மீட்டரை வாங்கி நானே மாட்டினேன். கடைக்காரர் முள் மீட்டர் ஒன்றையும் எடுத்துக் காட்டினார். எண்ணாகத் தெரிந்தால் துல்லியமாக இருக்கும் என்று டிஜிட்டலையே எடுத்தேன். இரண்டே வயர். சிவப்பைச் சாவி போட்டதும் மின்சாரம் வருகிற வயரோடு முறுக்கினேன். கறுப்பை டேஷ்போர்டுக்கு அடியில் ஏற்கெனவே இருந்த எர்த் ஸ்குரூவில் சேர்த்து முடுக்கினேன்.

கீழ்வேளூரில் அத்தை தவறிவிட்டார் என்று நள்ளிரவுக்கு மேல் தகவல் வந்தது. காலை எட்டு மணிக்கு எடுத்துவிடுவார்கள். அம்மாவை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து நான்கு மணிக்குக் கிளம்பினேன். அம்மாப்பேட்டை தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. வைப்பரைப் போட்டேன். வைப்பர் கண்ணாடியைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் எண் சரிந்தது. 13.6, 12.3, 13.4, 11.9. நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இன்ஜின் மெதுவாக ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது, நான் அந்தச் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 11.4 என்று காட்டியது. புது ஆல்டர்நேட்டர் போய்விட்டது, இருட்டில் அம்மாவோடு நடுவழியில் நிற்கப் போகிறோம் என்று முடிவுகட்டி, கேட் திறப்பதற்கு முன்பே வண்டியைத் திருப்பிவிட்டேன்.

தஞ்சாவூருக்கு வந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அந்த எர்த் ஸ்குரூ துருப்பிடித்திருந்தது. வைப்பர் மோட்டாருக்கும் அதுவே எர்த். மீட்டரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். டேஷ்போர்டில் ஓட்டை அப்படியே இருக்கிறது. அதில் எதைப் போடுவது, எதையாவது போடத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை. மீட்டரால் கெட்டவர்கள், பிழைத்தவர்கள் எழுதுங்கள்.

மயிலாடுதுறை ஃபியட்

உங்கள் மீட்டர் தவறாகச் சொன்னது, நீங்கள் நம்பினீர்கள். என்னுடையது சரியாகச் சொன்னது, நான் நம்பவில்லை.

ஃபியட் பத்மினி கார். முள் மீட்டர், பழசு. தம்பி குடும்பத்தோடு தரங்கம்பாடிக்கு மாலையில் கிளம்பினோம். செம்பனார்கோயில் தாண்டியபோது முள் 15ஐக் கடந்து சிவப்புப் பட்டையில் போய் நின்றது. விரலால் கண்ணாடியைத் தட்டினேன். அசையவில்லை. மறுபடி தட்டினேன். “முள் சிக்கிக்கொண்டது” என்று தம்பியிடம் சொன்னேன். பின்னால் இருந்து என் மனைவி அழுகிய முட்டை வாடை அடிக்கிறது என்றார். இந்தப் பக்கம் இறால் குட்டை அதிகம், அந்த வாடை என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஹெட்லைட் வழக்கத்தைவிட வெள்ளையாக எரிவதைப் பார்த்து, புது பல்ப் போட்டதற்குப் பலன் இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். ஆக்கூர் வருவதற்குள் இரண்டு பல்ப்பும் அடுத்தடுத்து அணைந்தன.

பானெட்டைத் திறந்தபோது கேட்ட சத்தம்தான் மறக்கவில்லை. சோற்றுப் பானை கொதிப்பது போல பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. மூடிகளைச் சுற்றி ஆசிட் பொங்கி வழிந்து, கீழே பெயின்ட்டைத் தின்றிருந்தது. ரெகுலேட்டர் கெட்டு ஆல்டர்நேட்டர் கட்டுப்பாடில்லாமல் சார்ஜ் ஏற்றியிருக்கிறது. முள் அரை மணி நேரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள்.

குடந்தை வயரிங்

வெண்ணாற்றங்கரை அவர்களே, துக்கத்தில் இருப்பவரிடம் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் மீட்டரின் மேல் பழி போடுவதை என்னால் ஏற்க முடியாது. முப்பது வருடமாக வயரிங் வேலை செய்கிறேன். மீட்டர் தன் இரண்டு வயருக்கு நடுவில் இருப்பதைத்தான் காட்டும். துருப்பிடித்த ஸ்குரூ வழியாக வைப்பர் மோட்டாரின் மின்சாரம் போகும்போது அங்கேயே ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் தங்கிவிடும். மீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். பேட்டரியில் எதுவும் குறைந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுடையது டீசல் அம்பாசடர். அந்தப் பழைய இன்ஜின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் அதற்கு பேட்டரியே தேவையில்லை. குமிழை இழுத்தால்தான் நிற்கிற வண்டி அது. பேட்டரி உண்மையிலேயே இறங்கியிருந்தாலும் விளக்குதான் மங்கியிருக்கும். இன்ஜினை அணைக்காமல் ஓரமாக நிறுத்தி வைத்திருந்தால், வெளிச்சம் வந்ததும் கிளம்பி எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

என் கதை சின்னது. ஒருவர் மூன்று டிஜிட்டல் மீட்டர்களைக் கொண்டுவந்து என் கடை மேசையில் வைத்தார். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த ஒரே பேட்டரியில் கொடுத்தால் ஒன்று 13.2, ஒன்று 13.8, ஒன்று 14.1. என் மல்டிமீட்டரில் 13.7. முதல் மீட்டரை நம்பி அவர் அதற்குள் இரண்டு பேட்டரி மாற்றியிருந்தார். இரண்டாவதை மாற்றிக் கொடுத்தவன் நான். அன்றைக்கு மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் அவர் சொன்னதைக் கேட்டு மாற்றினேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

இனி ஓட்டையில் எதைப் போடுவது என்பதற்கு வருகிறேன். பழைய வண்டிக்கு முள் மீட்டர்தான் நல்லது. முள் நிதானமாக நகரும். வைப்பர் வீச்சுக்கும் இண்டிகேட்டர் துடிப்புக்கும் குதிக்காது. ஓரக்கண்ணால் பார்த்தாலே நடுவில் நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். டிஜிட்டலில் எண்ணைப் படிக்க வேண்டும், படித்தபின் யோசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பாதி மீட்டர்களில் எண்ணே தெரியாது; இரவில் அதே எண் கண்ணைக் குத்தும். ஆனால் முள் மீட்டர் எல்லாம் ஒன்றல்ல. பூஜ்யத்தில் தொடங்குகிற அளவுத் தட்டு உள்ளதை வாங்காதீர்கள். 12க்கும் 14க்கும் நடுவில் ஒரு நூல் இடம்தான் இருக்கும். 8 முதல் 16 வரை அல்லது 10 முதல் 16 வரை உள்ளதை வாங்குங்கள். 52 மில்லிமீட்டர் என்பது பொதுவான அளவு, நாளைக்கு வேறு மீட்டர் மாற்றினாலும் அதே ஓட்டைக்குப் பொருந்தும்.

மீட்டரைவிட வயர்தான் முக்கியம். கறுப்பு வயரை பேட்டரியின் நெகட்டிவ் வரை தனியாக இழுங்கள், வழியில் யாரோடும் சேர்க்காதீர்கள். சிவப்பை பேட்டரி பாசிட்டிவிலிருந்து எடுத்து, பக்கத்திலேயே ஒரு ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ஒரு சின்ன ரிலே வழியாகக் கொண்டுவாருங்கள். சாவி போட்டால் ரிலே பிடிக்கட்டும், சாவியை எடுத்தால் விடட்டும். ரிலே இல்லாமல் நேராகக் கொடுத்தால் நிற்கிற வண்டியில் மீட்டரே பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். சாவி வயரிலிருந்து எடுத்தால் பழைய ஸ்விட்சிலும் ஃபியூஸ் பெட்டியிலும் அரை வோல்ட் வரை தொலையும். மீட்டர் விளக்கின் வயரைப் பார்க்கிங் விளக்கோடு சேருங்கள். மாட்டியதும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து ஒத்துப் பாருங்கள்.

எண்களையும் எழுதிவிடுகிறேன். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 அல்லது 12.7 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் வெளியூர் கிளம்ப வேண்டாம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை. விளக்கும் வைப்பரும் ஓட, கேட்டில் நிற்கும்போது 13க்கு அருகே வந்தால் பயமில்லை. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் ஏறுகிறதா என்று பாருங்கள். 15ஐத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். ஃபியட் நண்பர் பட்டது போதும்.

தோப்புத்துறை

2018 நவம்பர் 16, கஜா புயல். அந்த இரவைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களிடம் விவரிக்க வேண்டாம்.

மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன, மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. என் ஆம்னி வேனில் சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சார்ஜர் ஒன்று இருந்தது. அதிலேயே வோல்ட் காட்டும். மூன்றாம் நாள் தெருவில் இருந்தவர்கள் போன்களைக் கொண்டுவந்தார்கள். ஏற்றிக்கொண்டுபோய் டவர் கிடைக்கிற இடத்தில் நின்று பேசுவார்கள். பெட்ரோல் கொஞ்சம்தான் இருந்தது, இன்ஜினை ஓட்ட மனமில்லை. ஒருவருக்கு ஆபத்து என்றால் வண்டி கிளம்பியாக வேண்டும். அதனால் 12.0 வந்தால் நிறுத்திவிடுவது என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

12.0 வந்தபோது இரண்டு தெரு தள்ளி இருக்கிற பாட்டி ஒருவர் வந்தார். பட்டன் போன். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும் என்றார். நான் அவருக்கு அந்த எண்ணைக் காட்டினேன். “பேட்டரி இறங்கிவிட்டது பாட்டி, இதற்குமேல் போட்டால் வண்டி எடுக்காது” என்றேன். அவருக்கு அந்த எண் என்ன புரியும்? “சரி தம்பி” என்று சொல்லி, விழுந்து கிடந்த தென்னை மரத்தைக் கையூன்றித் தாண்டிப் போனார்.

பல மாதம் கழித்து ஒருநாள் மல்டிமீட்டர் கொண்டு அளந்தேன். லைட்டர் துளையில் 12.0 காட்டும்போது பேட்டரியில் 12.4 இருந்தது. உப்புக் காற்றில் டெர்மினலும் செம்பு வயரும் பச்சை பூத்திருந்ததால் வழியிலேயே 0.4 போயிருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பேட்டரி. என்னுடையது 35 ஆம்பியர்-ஹவர். பெரிய போன் ஒன்றை முழுதாக ஏற்றினாலே ஒன்று, ஒன்றரைதான் ஆகும். பாட்டியின் பட்டன் போனுக்கு அதில் பாதிகூட ஆகியிருக்காது. அவர் மறுநாள் வேறு எங்கோ ஏற்றிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் முழுக்க மகன் அங்கே என்ன நினைத்துக்கொண்டிருந்திருப்பான் என்பதுதான் என் கேள்வி.

கடலோரத்தில் இருப்பவர்கள் செருகு மீட்டரை வாங்காதீர்கள். வாங்கினால் எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது என்று அளந்து, ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே ஒட்டி வையுங்கள்.

பட்டுக்கோட்டை ஜீப்

குடந்தை ஐயா சொன்னதில் ஒன்றை மறுக்கிறேன். காலையில் 12.6 இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று ஆகாது. என் ஜீப்பில் 12.5 காட்டிய பேட்டரி, செல்ஃப் அடித்ததும் 7க்கு விழுந்தது. ஒரு செல் செத்திருந்தது. செல்ஃப் சுற்றும்போது முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி கடைக்குப் போகிற நேரம்.

அதற்கு முன்பு நான் ஆம்மீட்டர் பிரியன். மின்சாரம் பேட்டரிக்குள் போகிறதா, வெளியே வருகிறதா என்று நேராகக் காட்டும். ஆனால் சார்ஜ் ஆகிற மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு வரை வந்துதான் திரும்ப வேண்டும். தேங்காய் ஏற்றிக்கொண்டு அதிராம்பட்டினம் சாலையில் வந்தபோது, இன்ஜின் தடுப்புத் தகட்டில் வயர் நுழைகிற இடத்தில் ரப்பர் புஷ் கழன்று, தகடு வயரை அறுத்துவிட்டது. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து புகை. பேட்டரி டெர்மினலை வெறும் கையால் பிடுங்கினேன். உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது. வோல்ட்மீட்டருக்கு மெல்லிய வயரும் ஒரு ஆம்பியர் ஃபியூஸும் போதும், எரிந்தால் ஃபியூஸோடு போகும்.

அரசலாற்றுப் பாலம்

புது வண்டி வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் காரில் ஓடும்போதே 12.5 காட்டியது. மேலே எழுதியிருக்கிற எண்களைப் போல ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு, ஆல்டர்நேட்டர் போய்விட்டது என்று ஒரு பட்டறையில் மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். மறுநாளும் 12.5. பிரேக் பிடித்து வேகம் குறையும்போது மட்டும் 14.6க்கு ஏறியது. எரிபொருளை மிச்சப்படுத்த, பேட்டரி நிறைந்திருக்கும்போது கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்துவிடுகிற வண்டி அது. பட்டறைக்காரர் மாற்றும் முன் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நானும் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்திருக்க வேண்டும்.

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. குடந்தை ஐயா, டீசல் வண்டி நிற்காது என்பதை நீங்கள் சொல்லும் வரை நான் யோசிக்கவே இல்லை. படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. அம்மாவிடம் சொல்லலாமா என்று நினைத்து, சொல்லவில்லை.

முள் மீட்டர் வாங்கிவிட்டேன். 8 முதல் 16, 52 மில்லிமீட்டர். கறுப்பு வயரை பேட்டரி வரை தனியாக இழுத்தேன். ரிலேயை என் சித்தப்பா மகன் மாட்டிக் கொடுத்தான். மல்டிமீட்டரில் 12.64, முள் 12.6க்கு மேல் ஒரு மயிரிழை. ஜீப் நண்பர் சொன்னபடி செல்ஃப் அடிக்கும்போதும் பார்த்தேன், 10.5க்குக் கீழே போகவில்லை.

நேற்று இரவு அம்மாவை உட்காரவைத்து நீடாமங்கலம் வரை ஓட்டிப் போனேன். கேட் மூடித்தான் இருந்தது. ஹெட்லைட்டையும் வைப்பரையும் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் 13.3இல் நின்றது. அம்மா, “இப்போது சரியாக இருக்கிறதா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கேட் திறந்ததும், வந்தது வந்தோம், கீழ்வேளூர் வரை போய் மாமாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். போய்விட்டு வந்தோம்.