முடிவு தெரிந்தும் திருடர்களுக்காக ஏன் தவிக்கிறோம்?

கேள்வி:
வீட்டுப் பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்த பிறகே படுக்கப் போகிறவன் நான். அப்படிப்பட்ட நானே, ஸ்டீவன் சோடர்பெர்க் 2001-இல் இயக்கிய ‘ஓஷன்ஸ் லெவன்’ படத்தை மூன்றாம் முறையாகப் பார்க்கும்போதும், லாஸ் வேகாஸின் மூன்று சூதாட்ட விடுதிகளுக்குப் பொதுவான பெட்டகத்தைக் கொள்ளையடிக்கும் பதினொரு பேரும் அகப்படாமல் தப்ப வேண்டுமே என்று தவிக்கிறேன். ஜார்ஜ் க்ளூனி, பிராட் பிட், மாட் டேமன் என்று நட்சத்திரங்கள் குவிந்திருப்பது மட்டும்தான் இதற்குக் காரணமா?

முதல் மறுமொழி:
அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. ஃபிராங்க் சினாட்ராவும் டீன் மார்ட்டினும் நடித்த 1960-ஆம் ஆண்டு மூலப்படத்திலும் நட்சத்திரங்களுக்குக் குறைவில்லை; ஆயினும் அதில் கொள்ளையைவிட நண்பர்களின் அரட்டையே மேலோங்கி நிற்பதாக எனக்குத் தோன்றும். சோடர்பெர்க் ஆளுக்கொரு தொழிலைக் கொடுத்துவிடுகிறார். ஒருவருக்கு வெடிமருந்து, ஒருவருக்குக் கண்காணிப்புக் கருவிகள், இன்னொருவர், பணம் தள்ளிச்செல்லும் சிறு வண்டிக்குள் உடம்பை மடித்து ஒடுங்கிக்கொள்ளும் வித்தைக்காரர். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் கைதேர்ந்தவர்கள் ஒருவர்மீது ஒருவர் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்வதை வேடிக்கை பார்க்கும் சுகம்தான் இது.

இரண்டாம் மறுமொழி:
நாமும் சேர்ந்து ஏமாறுகிறோம் என்பதை விட்டுவிட்டீர்களே! பயிற்சிக்கு என்று சொல்லிப் பெட்டக அறையைப் போலவே ஒன்றைக் கட்டுகிறார்கள், நாமும் நம்பிவிடுகிறோம். அங்கே முன்கூட்டியே எடுத்த கொள்ளைக் காட்சியைத்தான் விடுதி முதலாளியின் திரையில் ஓடவிட்டார்கள் என்பது பிறகே தெரிகிறது. பெட்டகத் தரையில் விடுதியின் பெயரைப் பதித்தது செவ்வாய்க்கிழமைதான் என்று அவர் நினைவுகூர்கிறார். திரையில் கண்ட தரையிலோ பெயரே இல்லை. முன்னதாக விளக்கிக் காட்டிய திட்டம் சொதப்பும், மறைத்து வைத்த திட்டம் பலிக்கும் என்பது இவ்வகைப் படங்களின் எழுதப்படாத இலக்கணம்.

மூன்றாம் மறுமொழி:
கொள்ளை பலிக்க வேண்டும் என்பதே கட்டாயமில்லை. மரியோ மோனிச்செல்லியின் 1958-ஆம் ஆண்டு இத்தாலியப் படமான ‘இ சோலித்தி இன்யோத்தி’யில், தேறாத குத்துச்சண்டை வீரர் ஒருவரும், மனைவி சிறையில் இருப்பதால் கைக்குழந்தையோடு அல்லாடும் புகைப்படக்காரர் ஒருவரும் உள்ளிட்ட ஏழைக் கும்பலொன்று, ரோம் நகரத்து அடகுக்கடையின் பெட்டகத்தை அடைவதற்காகப் பக்கத்து வீட்டுச் சுவரை இரவெல்லாம் இடிக்கிறது. ஓட்டை விழுந்ததும் எதிரே தெரிவது அதே வீட்டின் சமையலறை. வந்ததற்கு ஏதாவது மிஞ்சட்டும் என்று, அங்கிருந்த கொண்டைக்கடலை பாஸ்தாவைச் சூடாக்கி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்! பூட்டை வெல்பவர்களை வியக்கிறோம், சுவரிடம் தோற்பவர்களையோ வீட்டு மனிதர்களைப் போல நேசித்துவிடுகிறோம். என்னைக் கேட்டால் பின்னதே உயர்ந்த படம்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. தரையில் பெயர் இல்லாததை மூன்று முறை பார்த்தும் நான் கவனித்ததே இல்லை. ஆகவே இன்றிரவு நான்காம் முறை. பாஸ்தா கும்பல் நாளைக்கு.