மார்பகப் புற்றுநோய் மரபணுச் சோதனை: உங்கள் கண்ணில் பட்டு இன்னும் உறுத்துவது எது?

நெய்தல்

உமிழ்நீர்க் குப்பி அனுப்பிச் செய்யும் வீட்டுச் சோதனையைப் பற்றித்தான். அக்காவுக்கு 41 வயதில் மார்பில் புற்று. தங்கைக்கு 38. அவர் கையில் அச்செடுத்த தாள். மேலே கொட்டை எழுத்தில் 'உருமாற்றம் காணப்படவில்லை', பக்கத்தில் பச்சைச் சரிக்குறி. "எனக்கு ஒன்னும் இல்லையாம், மேமோகிராம்கூட இப்ப வேணாம்தானே?" என்று கேட்கிறார். அவர் கட்டைவிரல் அழுத்தியிருந்த இடத்தில்தான் முக்கியமான வரி இருந்தது, எறும்பு எழுத்தில்: தேடியவை மூன்றே மூன்று மாற்றங்கள்.

எந்த மூன்று என்று இங்கே பலருக்கும் தெரியும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்பவை, கெட்டுப்போனால் மார்பகப் புற்று, சினைப்பைப் புற்று வாய்ப்பைக் கூட்டும் இரண்டு மரபணுக்கள். பிஆர்சிஏ1இல் 185டெல்ஏஜி, 5382இன்ஸ்சி. பிஆர்சிஏ2இல் 6174டெல்டி. மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களில் ஏறக்குறைய 40 பேருக்கு ஒருவரிடம் இவற்றில் ஒன்று இருக்கும். அவர்களுக்கு அந்தச் சோதனை பொருத்தம். அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற வீட்டுச் சோதனை இந்த மூன்றைத்தான் பார்த்தது, 2023இல் 44 ஆக்கினார்கள். இரண்டு மரபணுக்களிலும் கேடு செய்யும் மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண்ணுக்கு யூதர் பட்டியலை வைத்துத் தேடிவிட்டு 'இல்லை' என்றால் அது என்ன பதில்? அந்தப் பச்சைச் சரிக்குறியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஆய்வக மேசை

நெய்தல், உங்கள் கவலை சரி. ஆனால் 'யூதர் பட்டியல்' என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். 185டெல்ஏஜி நம் ஆட்களிடமும் உண்டு. தென்னிந்தியப் பெண்களிடம் அது திரும்பத் திரும்பக் கிடைப்பதாகச் சென்னை ஆய்வு 2009இல் வெளிவந்தது. அதற்கு முன்பே ஓர் இந்தியக் குடும்பத்தில், யூதர் தொடர்பில்லாமல் தனியாகத் தோன்றியிருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால் சின்ன விஷயம்தான். ஏ, ஜி என்ற இரண்டே எழுத்துகள் விழுந்துவிடுகின்றன. மரபணுவை மும்மூன்று எழுத்தாக வாசிக்க வேண்டும், இரண்டு போனதால் அதற்குப் பின்னால் வரும் எல்லாம் பிசகுகிறது. 39ஆம் இடத்தில் 'நிறுத்து' என்ற குறி வந்துவிடுகிறது. 1,863 அமினோ அமிலம் நீளம் இருக்க வேண்டிய புரதம், அங்கேயே முறிந்து போகிறது. இன்றைய அறிக்கையில் இதே மாற்றம் சி.68_69டெல் என்று இருக்கும். பழைய தாளில் ஒரு பெயர், புதிய தாளில் இன்னொரு பெயர் என்பதால் இரண்டும் வேறு என்று நினைத்துக் குழம்பிய குடும்பங்கள் உண்டு.

ஆக அந்தத் தாளில் 'இல்லை' என்று வந்தது ஒரு சிறு தகவல்தான், முழு விடை கிடையாது. ஐஸ்லாந்துக்காரர்களுக்கு பிஆர்சிஏ2இல் 999டெல்5. சிங்கப்பூர் மலாய்ப் பெண்களுக்கு பிஆர்சிஏ1இல் 2846இன்ஸ்ஏ, 2003இலேயே வெளிவந்தது. ஒவ்வொரு மக்களுக்கும் மூதாதையர் ஒருவரிடமிருந்து பரவியது ஒன்றிரண்டு இருக்கும். நம்மைப் போலப் பல ஊர், பல சாதி கலந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு குறும்பட்டியல் போதவே போதாது. முழு மரபணுவையும் வாசிக்க வேண்டும். அதோடு பெரிய துண்டு விழுந்ததா, இரட்டித்ததா என்று, துண்டுகளின் பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ முறையிலோ அதற்கு ஈடான கணக்கீட்டிலோ தனியாகப் பார்க்க வேண்டும். எழுத்தெழுத்தாக வாசிக்கும்போது ஒரு பகுதியே காணாமல் போனது தெரியாது, ஏனென்றால் அம்மாவிடமும் அப்பாவிடமும் இருந்து வந்த இரண்டு பிரதிகளில் மற்றொன்று ஒழுங்காக இருக்கும். அறிக்கையில் 'பெரும் நீக்கம், இரட்டிப்பு ஆராயப்பட்டது' என்ற வரி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

வட்டமும் சதுரமும்

மரபணுவுக்குப் போகுமுன் குடும்ப வரைபடத்துக்கு வாருங்கள். இங்கே எல்லாரும் அதைத் தாண்டி ஓடுகிறீர்கள்.

என்னை விடாத வரைபடம் ஒன்று. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், நோய் வந்தவருக்குக் கறுப்பு. அம்மா பக்கம் ஒன்றுமே இல்லை. அப்பா பக்கம் கேட்டால், "அத்தை வயித்துல தண்ணி கோத்து இறந்தாங்க." 50 வயதுக்குள் வயிற்றில் நீர் கோத்து இறந்த பெண் என்றால் சினைப்பைப் புற்றை நினைக்காமல் விடக்கூடாது. ஆனால் கேட்பவர் 'மார்பகப் புற்று உண்டா?' என்று மட்டும் கேட்டு 'இல்லை' என்று குறித்திருந்தார். பிஆர்சிஏ1 மாற்றம் உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 72 விழுக்காடு, சினைப்பையில் 44. பிஆர்சிஏ2இல் 69, 17. இது 2017இல் வந்த கணக்கு, பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்களில் எடுத்தது என்பதையும் மறக்கக்கூடாது.

அப்பா வழியாக வராது என்று இன்னும் நினைக்கிறார்கள். மாற்றம் அப்பாவிடம் இருந்தாலும் அது ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பிஆர்சிஏ2 மாற்றம் உள்ள ஆணுக்கு புரோஸ்டேட் புற்றும் கவனிக்க வேண்டியது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஊரில் 'கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க' என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். சினைப்பையும் சேர்த்து எடுத்தார்களா, எந்த வயதில்? இளம் வயதில் சினைப்பை போயிருந்தால் அந்தப் பெண்ணுக்குப் புற்று வராததை வைத்து 'இந்தக் கிளையில் மாற்றம் இல்லை' என்று முடிவு கட்ட முடியாது. டிஸ்சார்ஜ் தாள் கிடைத்தால் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது சொந்தத்தில் கல்யாணம். வரைபடத்தில் இரட்டைக் கோடு போடுவோம். வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. அத்தை மகன், தாய்மாமன் முறையில் கட்டியவர்கள் இருவருமே ஒரே பாட்டியிடமிருந்து ஒரே பிஆர்சிஏ2 மாற்றத்தைப் பெற்றிருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் கெட்டுப்போக நான்கில் ஒரு வாய்ப்பு. அதுதான் ஃபான்கோனி இரத்தசோகையின் ஒரு வகை. எலும்பு மஜ்ஜை செயலிழக்கும், குழந்தைப் பருவத்திலேயே புற்று வரும். மார்பகப் புற்றோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான பிஏஎல்பி2க்கும் இதே கதை. எனவே மணமான இணையர் சொந்தமென்றால் இருவருக்கும் சோதனை கேளுங்கள்.

புங்கோல் மாலை

வரைபடம் சரி. ஆனால் 'முழுதாக வாசியுங்கள்' என்று ஆய்வக மேசை எளிதாகச் சொல்லிவிட்டார். முழுதாக வாசித்தால் எது அதிகமாக வரும் தெரியுமா? 'பொருள் தெளியாத மாற்றம்'.

ஓர் அறிக்கையில் அந்த வரிக்குக் கீழே மஞ்சள் மையால் கோடு. பக்கத்தில் பேனாவால், 'இரண்டு மார்பும் எடுக்கலாமா?' அந்தக் கேள்விக்குறியை என்னால் மறக்க முடியவில்லை. மாற்றங்களைத் தரம் பிரிக்கும் ஐந்து நிலைகளில் நடுவில் இருக்கும் மூன்றாம் நிலை அது. கேடு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை வைத்து அறுவை செய்யக்கூடாது, உறவினருக்குச் சோதனையும் எடுக்கக்கூடாது. நோய் வரலாற்றை வைத்துத்தான் கண்காணிப்பு.

இந்தியருக்கும் மலாய்க்காரருக்கும் அது கூடுதலாக வருவதற்கு, ஒப்பிடும் தரவுத்தளங்களில் ஐரோப்பியர் மிகுதியாக இருந்ததே பெரிய காரணம். நம்மில் நூற்றில் ஒருவருக்குச் சாதாரணமாக இருக்கும் எழுத்து மாற்றம், அங்கே யாருக்கும் இல்லாததால் 'அபூர்வம்' என்று சந்தேகக் கூண்டில் ஏறுகிறது. 2019இல் சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதி வெளிவந்தது இதற்காகவே பெரிய விஷயம். மறுவகைப்படுத்தப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்ற பக்கம்தான் போகின்றன. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி விசாரியுங்கள். தொலைபேசி எண் மாறினால் மருத்துவமனையில் சொல்லிவையுங்கள்.

முழக்கணக்கு

பிஆர்சிஏ மாற்றம் இல்லாத பெரும்பான்மையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பல சிறு மாற்றங்களைக் கூட்டி வரும் மரபு மதிப்பெண் ஒன்று 313 இடங்களைப் பார்க்கிறது. 2019இல் ஐரோப்பியப் பெண்களை வைத்து உருவானது. ஆசியப் பெண்களிடமும் ஓரளவு நன்றாகவே வேலை செய்கிறது என்று சிங்கப்பூர், மலேசியத் தரவுகளோடு 2020இல் காட்டினார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியில் அது தெளிவாகத் தடுமாறுகிறது.

ஒரு தாளில் பார்த்தேன், தமிழ்ப் பெண்ணின் மதிப்பெண்ணை ஐரோப்பியர் வளைகோட்டின் மேல் புள்ளியாக வைத்திருந்தார்கள். இங்கே தேக்காச் சந்தையில் பூ வாங்கும்போது யார் கை முழம் என்று பார்ப்போமே, அதேதான். ஒவ்வொரு மக்களிலும் சராசரியே வேறு இடத்தில் நிற்கும். எந்த மக்களின் சராசரியோடு ஒப்பிட்டது என்பதைக் கேட்காமல் 'மேல் பத்து விழுக்காடு' என்பதை நம்பாதீர்கள். 6ஆம் குரோமோசோமில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான ஈஎஸ்ஆர்1 மரபணு அருகே இருக்கும், மார்பகப் புற்றோடு தொடர்புள்ள இடம் 2009இல் சீனப் பெண்களிடம்தான் முதலில் தெரிந்தது. அதே வட்டாரத்தில் அமெரிக்கப் பழங்குடி மரபிலிருந்து வந்து, லத்தீனப் பெண்களைக் காக்கும் மாற்றம் 2014இல். ஐரோப்பியரை மட்டும் தேடியிருந்தால் இரண்டும் கைநழுவியிருக்கும். சிங்கப்பூரில் 35 முதல் 59 வயதுப் பெண்களுக்காக 'பிரீத்' என்ற ஆய்வு இந்த மதிப்பெண்ணை மார்பகப் பரிசோதனைத் திட்டத்தோடு இணைத்துப் பார்த்தது.

ஆய்வக மேசை

புங்கோல் மாலை, நான் எளிதாகச் சொல்லவில்லை. தெளியாத வரி வரும் என்பதற்காக வாசிக்காமல் விட்டால், தெளிந்த கேட்டையும் தவறவிடுவோம். யாருக்கு முதலில் எடுப்பது என்பதில்தான் விடை இருக்கிறது. நோய் வந்தவருக்கு முதலில். அவரிடம் கேடான மாற்றம் கிடைத்தால், தங்கைக்கு அந்த ஒரே இடத்தைப் பார்த்தாலே போதும். அப்போது தங்கைக்கு 'இல்லை' என்று வந்தால் அது உண்மையான 'இல்லை'.

இரத்தம் எடுக்குமுன் கேட்க வேண்டியது: எலும்பு மஜ்ஜை மாற்று நடந்ததா? நடந்திருந்தால் குழாயில் வருவது கொடையாளியின் மரபணு. தோல் மாதிரி வேண்டும். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் சொல்லுங்கள். உமிழ்நீர் என்றால் அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, நுரையை விட்டு நீர் மட்டம் கோட்டைத் தொட வேண்டும்.

காப்பீட்டுக்குப் பயந்து ஒதுங்குபவர்களுக்கு: சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்பீட்டுச் சங்கமும் செய்த உடன்பாடு 2021 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அதன்படி, முன்கூட்டி அறியும் மரபணுச் சோதனையைச் செய்யச் சொல்லி நிறுவனம் கட்டாயப்படுத்த முடியாது. மிகப் பெரிய தொகைக்கு, ஏற்கெனவே எடுத்த சோதனையின் முடிவைக் கேட்க விலக்குகள் உண்டு, எனவே கையெழுத்துக்கு முன் படியுங்கள்.

நெய்தல்

185டெல்ஏஜி விவகாரத்தில் நான் சொன்னது குறை, ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அக்காவுக்கே முதலில் எடுப்பதென்று முடிவாகியிருக்கிறது. ஊதா மூடிக் குழாயில் சில மில்லி. தங்கைக்கு, அக்காவுக்கு நோய் வந்த வயதில் 10 கழிக்கும் பொதுக் கணக்குப்படி மேமோகிராம் 31லேயே தொடங்கியிருக்க வேண்டும், ஏழு வருடம் போயிற்று. தேதி வாங்கியாயிற்று. இவர்களுடைய அப்பா வழி அத்தையின் ஆஸ்பத்திரித் தாள் மட்டும் காரைக்குடியிலிருந்து இன்னும் வரவில்லை.